எஸ்.எஸ்.எல்.சி. வரை ஆடியவர்கள்

பெங்களூர்க் கால்பந்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஐந்து நிமிடத்தில் பேச்சு கல்கத்தாவுக்குப் போய்விடும். 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம், மோகன் பகானில் ஆடியவர். வந்தவாசியில் பிறந்து பெங்களூரில் ஆடிப் பெயரெடுத்த பூங்கம் கண்ணனை ஜெர்மன் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் ‘ஆசியாவின் பெலே’ என்றார் என்பார்கள். அவரும் மோகன் பகான்தான். 1977 செப்டம்பரில் பெலே காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் வந்து இறங்கியபோது எதிரே நின்ற மோகன் பகான் அணியில் எங்கள் ஊர் உலகநாதன் இருந்தார். பிறகு பாபு மணி, அதற்குப் பிறகு கார்ல்டன் சாப்மன். டீக்கடையில் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லி ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டால் வரலாறு முடிந்தது.

ரயிலேறியவர்களின் வரலாறு அது. ஏறாதவர்களை எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும். 1988-லிருந்து 1991 வரை நீலசந்திராப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் அணியில் நான் ரைட் பேக். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த நாளில் அங்கே அப்படிப்பட்ட பள்ளி எதை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

நீலசந்திரா, ஆனேபாளையா, ரோஸ் கார்டன், ஆஸ்டின் டவுன், விவேக் நகர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் ஊர்கள். வீட்டில் தமிழ், தெருவில் உருது, பள்ளியின் கரும்பலகையில் கன்னடம், மாதா கோயிலில் காலைக்கு ஒரு மொழி மாலைக்கு ஒரு மொழி. 1809-ல் வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் போட்டபோது மதராஸ் பட்டாளத்தோடு சமைக்க, சுமக்க, கல் உடைக்க, துணி வெளுக்க வந்த தமிழர்களின் வாரிசுகள்தான் இங்கே பாதிப்பேர். ஆஸ்டின் டவுனுக்கு அரசாங்கக் கணக்கில் எஃப். கிட்டல் நகர் என்று பெயர். கன்னடத்துக்கு மகா அகராதி தொகுத்த ஜெர்மன் பாதிரியாரின் பெயரைத் தமிழ்க் குடியிருப்பு ஒன்றுக்கு வைத்தவர் யாரோ ரசிகராக இருக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் கிட்டல் நகர் என்று சொல்லிப் பாருங்கள், உங்களைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்.

பட்டாளம் விட்டுப்போனதில் கால்பந்தும் ஒன்று. கோரா சிப்பாய்கள் பூட்ஸோடு ஆடியதை வேலியோரம் நின்று பார்த்தவர்கள் வெறுங்காலோடு ஆட ஆரம்பித்தார்கள். 1937-ல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைப் பட்டாள அணிகளிடமிருந்து முதன்முதலாகப் பிடுங்கிய இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் இந்தியா 2-1 என்று தோற்ற ஆட்டத்தில், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், மைசூர் அணிக்காரர். அந்த ஆட்டத்தில் நம்மவர்கள் இரண்டு பெனால்டியை வீணாக்கினார்கள். எங்கள் தெருப் பெரிசுகள் 1990-லும் அந்த இரண்டு பெனால்டிக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்கள், ஏதோ போன ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதிரி.

எங்கள் பள்ளிக்கு மைதானம் கிடையாது. பிரேயர் நடக்கும் முற்றம், நடுவில் கொடிக்கம்பம், அவ்வளவுதான். கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பந்தை வெட்டித் திருப்பக் கற்றுக்கொண்டதைத் தவிர அந்த முற்றத்தால் லாபம் இல்லை. நிஜமான ஆட்டத்துக்கு ஆஸ்டின் டவுன் நந்தன் கிரவுண்டுக்குத்தான் நடக்க வேண்டும். கல்லும் செம்மண்ணுமாக இறுகிய தரை. விழுந்தால் முட்டித் தோல் அங்கேயே தங்கிவிடும். பள்ளி விட்டதிலிருந்து ஐந்து மணி வரை எங்களுடையது. ஐந்துக்குக் கிளப் ஆட்கள் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தவர், எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைக் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தவர், சி.ஐ.எல்.-க்கு ஆடுகிறவர். நாங்கள் பந்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்க வேண்டும். யாரும் சொல்லித் தராத எல்லாவற்றையும் அந்தச் சுவரில் உட்கார்ந்துதான் படித்தோம்.

பி.டி. மாஸ்டர் கோலார் பக்கத்துக் கன்னடர், கபடி ஆட்டக்காரர். ஆஃப்சைடு என்று ஒரு விதி இருப்பதைக் கடைசிவரை அவர் மனதார நம்பவில்லை. முன்னால் போய் நிற்கிறவன் கெட்டிக்காரன்தானே, அவனுக்கு ஏன் தண்டனை என்று ரெஃபரியிடமே கேட்டவர். ஆனால் போட்டிக்கு முன்பு பள்ளி ஃபாரங்களைப் பிழையில்லாமல் நிரப்புவார். பிறந்த தேதியில் கைவைக்க விடமாட்டார். கணக்கு வகுப்புக்கு மட்டம் போட்டவனுக்கு அன்று பந்து கிடையாது. எங்களுக்குக் கிடைத்த பயிற்சித் திட்டம் மொத்தமும் இதுதான்: ஒரு பந்து, ஒரு விசில், ஒரு நேர்மையான ஆள்.

பூட்ஸ் பள்ளியில் நான்கு ஜோடி இருந்தது. நான்கும் யாரோ கம்பெனி ஆட்டக்காரர்கள் ஆடிக் கழித்துக் கொடுத்தவை. அடியில் தோலை அடுக்கி ஆணி அடித்த பழைய காலத்து ஸ்டட். தேயத் தேய ஆணியின் கூர் உள்ளே முளைத்துக் குதிகாலைக் கடிக்கும். சந்து முனையில் செருப்புத் தைக்கும் தாத்தா பூட்ஸை இரும்புக் காலில் கவிழ்த்து மாட்டி, விரலை உள்ளே விட்டுத் தடவி, முனையைக் கண்டுபிடித்து, ஒரே தட்டில் மடக்குவார். ஆணி மடங்கிய இடத்தில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டுவார். காசு வாங்கமாட்டார். ‘ஜெயிச்சா வந்து சொல்லு’ என்பார். தோற்ற நாட்களில் அந்தச் சந்து வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவோம்.

1990 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தோம். கேமரூனின் முப்பத்தெட்டு வயது ரோஜர் மில்லா கார்னர் கொடியருகே ஆடிய ஆட்டத்தை மறுநாளே எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஆடிக் காட்டினான், கோல் போடாமலேயே. கோல்கீப்பர் கறிக்கடைக்காரர் மகன். காலை நான்கு மணிக்கு அப்பாவோடு கடைக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வருவான். அவன் பந்தைப் பிடித்தால் தோளில் தொடைக்கறியைத் தாங்குகிற மாதிரி நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பான், நழுவியதே இல்லை. பெரிய போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு மொத்த அணியும் போகும். மெழுகுவர்த்தி வாங்கக் காசு திரட்டுகிற வேலை அவனுடையது. தொழுகைக்கும் தவறமாட்டான். இரண்டு பக்கமும் சொல்லி வைப்பதில் என்ன நஷ்டம் என்பது அவன் கட்சி.

ஆனால் நான் சொல்ல வந்தது இடது விங் ஆடியவனைப் பற்றி. பயிற்சியில் தினமும் அவனை மார்க் செய்வதுதான் ரைட் பேக்கான என் வேலை. ஆகவே அவன் ஆட்டத்தை என்னளவுக்கு அருகில் பார்த்தவர் எவரும் இல்லை; பெரும்பாலும் தரையில் விழுந்து கிடந்தபடி பார்த்தேன் என்பது வேறு விஷயம். விங் ஆடுகிறவர்கள் ஓடித் தப்புவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இவன் நின்று தப்புகிறவன். கோட்டோரமாகப் பந்தைக் கொண்டுவந்து சட்டென்று உள்ளங்காலை அதன்மேல் வைத்து நிறுத்திவிடுவான். பந்தைப் பார்க்கமாட்டான், என் முகத்தையும் பார்க்கமாட்டான். என் முழங்காலைப் பார்ப்பான். எந்த முழங்கால் முதலில் மடங்குகிறதோ அந்தப் பக்கம் உடம்பின் கனம் போய்விட்டது என்று அர்த்தம். மறு பக்கமாகப் பந்தைக் காலின் வெளிப்பக்கத்தால் ஒரு தள்ளு. அதில் வேகமே இருக்காது. நான் திரும்புவதற்குள் கிராஸ் போயிருக்கும். சரி, முழங்காலை மடக்காமல் நிற்போம் என்று ஒருநாள் கட்டை மாதிரி நின்றேன். அவனும் நின்றான். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். மாஸ்டர் விசில் அடித்து, ‘ஏன்ரோ, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?’ என்றார். நான் சிரித்தேன். முழங்கால் மடங்கிவிட்டது.

வட்டாரப் போட்டியில் ஒரு கான்வென்ட் பள்ளியோடு அவர்கள் மைதானத்திலேயே ஆட்டம். புல் தரையில் அதுவரை நாங்கள் ஆடியதில்லை. புல் என்றால் சுகம் என்று நினைத்துக்கொண்டு போனோம். முதல் பத்து நிமிடத்தில் எங்கள் பாஸ் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. செம்மண்ணில் தொட்டால் ஓடும் பந்து புல்லில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அடித்த அடியின் கணக்கு முழுக்கத் தப்பு. அதற்குள் இரண்டு கோல் வாங்கியாகிவிட்டது. இடது விங்காரன் மட்டும் முன்னைவிடச் சந்தோஷமாகத் தெரிந்தான். அவன் பாணிக்குப் பந்து நிற்பதுதானே வேண்டும். இரண்டாம் பாதியில் ஒரு கோல் அவனே போட்டான், ஒன்றைப் போட வைத்தான். கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பள்ளிப் பையன்களுக்கு வெட்டிய ஆரஞ்சுச் சுளை வந்தது. தட்டை எங்கள் பக்கமும் நீட்டினார்கள். கோல்கீப்பர் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டான்.

அன்றைக்கே அவர்களின் பயிற்சியாளர் இடது விங்காரனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். ஃபீஸ் வேண்டாம், யூனிஃபார்ம் கொடுத்துவிடுவோம், எங்களிடம் வந்துவிடு. ஆனால் மீடியம் இங்கிலீஷ். ஒரு வகுப்பு, வேண்டுமானால் இரண்டு வகுப்பு கீழே உட்கார வேண்டும். அவன் அம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவர், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மணையில் மாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “ரெண்டு வருசம் பின்னால போனா, ரெண்டு வருசம் கழிச்சுத்தானே வேலைக்குப் போவான்?” பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை. அது தப்பான கணக்கு என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

ஏனென்றால் அன்று எங்களுக்குத் தெரிந்த வழி வேறு, அது திறந்தேதான் இருந்தது. பள்ளியில் ஆடு, பதினாறு பதினேழு வயதில் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்து பெங்களூர் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் (பி.டி.எஃப்.ஏ.) லீகில் சி டிவிஷன், பி டிவிஷன் என்று ஏறு, அசோக் நகர் ஸ்டேடியத்தில் நாலு பேர் கண்ணில் படு, கம்பெனிக்காரன் கூப்பிடுவான். 1948-ல் தொடங்கிய ஐ.டி.ஐ., அதற்கும் முந்தைய எச்.ஏ.எல்., பிறகு பி.இ.எல்., எல்.ஆர்.டி.இ., சி.ஐ.எல். எல்லாவற்றுக்கும் அணி இருந்தது. ஆட்டக்காரனை எடுத்தால் அட்டெண்டராகவோ கிளார்க்காகவோ பர்மனென்ட் ஆக்குவார்கள். முப்பது வயதில் முட்டி போய்விட்டாலும் ஐம்பத்தெட்டு வரை சம்பளம். ஒரு தெருவில் ஒருவன் அப்படி உள்ளே போனால் பின்னாலேயே அவன் தங்கை கல்யாணம் நடக்கும், தம்பி பாலிடெக்னிக் போவான், கூரை ஓடாகும், ஓடு காங்கிரீட்டாகும். மைசூர் அணி 1967-68, 1968-69 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் சந்தோஷ் டிராஃபி வென்றதே, அந்தக் கால்களுக்குப் பின்னால் மாதச் சம்பளம் இருந்தது. கால்பந்து வீரம், கலை, ரத்தத்தில் ஊறியது என்று எழுதுகிறவர்கள் இந்தச் சம்பளச் சீட்டை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது 1991 மார்ச். அந்த வருடம் டில்லியில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவையொட்டிக் கலவரம். அந்த வாரம் கிரவுண்டில் யாரும் இல்லை. அடுத்த வாரம் ஆட்டம் நடந்தது, ஆனால் கொஞ்ச நாளைக்கு எல்லோரும் கன்னடத்திலேயே பாஸ் கேட்டோம். யாரும் யாரையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கலவரத்தின் காயம் மெல்ல ஆறியது. மற்றது ஆறுகிற மாதிரி இல்லை. ஆளெடுப்பு முதலில் குறைந்தது, பிறகு நின்றது, பிறகு உள்ளே இருந்தவர்களுக்கே வி.ஆர்.எஸ். வந்தது. சுவரில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த ஆட்டக்காரர்கள் நாற்பது சொச்சம் வயதில் ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

இடது விங்காரன் ஒரு கம்பெனியின் டிரயலுக்குப் போனான். எடுத்தார்கள். ஆனால் வேலைக்கு இல்லை; சீசனுக்கு ஸ்டைபெண்ட், பஸ் காசு, ஒரு ஜோடி பூட்ஸ். அடுத்த சீசனும் அதேதான். அதற்கடுத்த சீசனில் பர்மனென்ட் ஆகிவிடும் என்றார்கள். முட்டி திரும்பியது நான்காவது சீசனிலா, ஐந்தாவதிலா என்பதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டு மூன்று வாரம் கிடந்தான். கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. வரவேண்டிய கட்டாயமும் இல்லையே, அவன் ஊழியன் அல்லவே.

எங்களுக்கு மூன்று நான்கு வயது மூத்தவர் கார்ல்டன் சாப்மன், ஆஸ்டின் டவுன்காரர். 1990-ல் ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமிக்குப் போனார். 1993-ல் ஈஸ்ட் பெங்கால் ஈராக்கின் அல் ஜவ்ராவை 6-2 என்று அடித்த ஆட்டத்தில் அவர் ஹாட்ரிக். 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்ற ஜே.சி.டி.யில் இருந்தார், பிறகு இந்திய அணிக்கே கேப்டன். அவர் படம் வந்த பத்திரிகைப் பக்கங்கள் எங்கள் பக்கத்து சலூன் கண்ணாடிகளில் மஞ்சளாகும்வரை இருந்தன. ஆனால் அந்த லீக் வந்ததில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. முன்பு பத்துக் கம்பெனி ஆளுக்கு இருபது பேரை ஆயுளுக்கு வைத்துக்கொண்டது. இப்போது ஒரு கிளப் சிலரை மட்டும் நல்ல காசு கொடுத்து ஒரு வருடத்துக்கு எடுத்தது. மிகச் சிறந்தவனுக்கு நன்மைதான். அவனுக்கு அடுத்த படியில் இருந்தவனுக்குத்தான் கால் வைக்க இடம் இல்லாமல் போனது. சாப்மன் 2020 அக்டோபரில் நாற்பத்தொன்பது வயதில் காலமானார். ஏறியவர்களுக்கும் வாழ்க்கை அப்படி ஒன்றும் நீண்டு கொடுத்துவிடவில்லை.

அல்சூர் கௌதம்புராவில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசாவோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைக்காரர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, உலகக் கோப்பை சமயத்தில், கேமராவோடு வருவார்கள். சென்னையில் வியாசர்பாடிக்கும் அப்படித்தான் போகிறார்கள். ஏழைப் பையன், கிழிந்த பந்து, கண்ணில் கனவு. அந்தக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு வாக்கியம் இருக்கும்: எத்தனையோ திறமைசாலிகள் குடியாலும் ஒழுங்கின்மையாலும் வீணானார்கள் என்று. எங்கள் ஆட்களே அப்படிச் சொல்லித்தான் பேட்டி கொடுப்பார்கள், அதுதான் வேதனை. குடித்தவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. எங்கள் சென்டர் ஹாஃப் அப்படித்தான் போனான். ஆனால் வரிசை எது என்று பார்க்க வேண்டும். 1960-களின் ஆட்டக்காரர்களும் குடித்தார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அளவோடு குடித்தார்கள். எங்கள் சென்டர் ஹாஃபுக்கு மறுநாள் காலை போவதற்கு இடம் இல்லை.

2013-ல் பெங்களூரு எஃப்.சி. வந்தது, அசோக் நகர் ஸ்டேடியத்திலேயே முதல் சீசன் ஆடி முதல் முயற்சியிலேயே ஐ-லீக் கோப்பையை வென்றது. நல்ல ஆட்டம், நல்ல கூட்டம், நல்ல ஏற்பாடு. நானும் டிக்கெட் எடுத்துப் போனேன். உள்ளூர்ப் பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிளப் என்பது வேலைவாய்ப்பு அலுவலகம் அல்ல.

இடது விங்காரன் இப்போது ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறான். முட்டி கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் நினைவுபடுத்துமாம். கறிக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட கோல்கீப்பரின் வீட்டில் பெரிய டிவி. 2023 மார்ச்சில் சந்தோஷ் டிராஃபி இறுதி ஆட்டம் ரியாத்தில் நடந்தபோது அங்கேதான் கூடினோம். பாயாவும் பரோட்டாவும் ஏற்பாடாகியிருந்தது. கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்றது. மைசூர் என்ற பெயரில் கடைசியாக வென்று 54 வருடம். பாதி ஆட்டம் முடிவதற்குச் சற்று முன் ராபின் யாதவ் ஃப்ரீகிக்கை வலைக்குள் இறக்கியபோது கோல்கீப்பர், ‘கீப்பர் ஒரு எட்டு முன்னால நின்னுட்டான்டா’ என்று மேகாலயாக்காரனுக்காக வருத்தப்பட்டான். விசில் ஊதியதும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சத்தம் போடும் அளவுக்குக் கத்தினோம்.

இடது விங்காரன் கத்தவில்லை. டிவியில் பையன்கள் கோப்பையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பரோட்டாவைப் பிய்த்தபடியே கேட்டான்.

“மச்சி, இவங்கள்லாம் எந்தக் கம்பெனி?”

“கம்பெனி எங்கடா இருக்கு இப்போ? கிளப்பு.”

“பர்மனென்ட்டா?”

கோல்கீப்பரின் மகன் சிரித்துவிட்டான், அவன் 2001-ல் பிறந்தவன். மற்றவர்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “விசாரிச்சுச் சொல்றேன்” என்றேன் நான்.